புதுப்பிப்பு: ஜிம்மில் விற்ற இபமோரெலின் ஊசி

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் என் தங்கை மகன் ஜிம் நண்பரிடம் இபமோரெலின் குப்பிகள் வாங்கியதைப் பற்றி முன்பு எழுதி, போடலாமா என்று கேட்டிருந்தேன். காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி செய்கிறான், முழங்கால் வலி. அப்போது பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இதற்குள் நிறையப் படித்துவிட்டேன்.

இது ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட செயற்கைப் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. கிரெலின் என்ற பசி ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டி, பிட்யூட்டரி சுரப்பியை வளர்ச்சி ஹார்மோன் வெளியிட வைக்கிறது. அது உண்மைதான். ஆனால் ஹார்மோன் கூடினால் மூட்டு ஆறும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று எங்கே? நான் கண்ட முக்கியமான சோதனை குடல் அறுவை முடிந்த 114 பேரிடம் நடந்தது, 2014இல் வெளியானது. குடல் இயக்கம் சீக்கிரம் திரும்புமா என்று பார்த்தார்கள். மருந்தில்லா ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை மருந்தாக ஏற்கவில்லை. "டெசமோரெலினுக்கு ஒப்புதல் உண்டே" என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். உண்டு, 2010இல், ஆனால் அதுவும் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டினாலும் வேறு மூலக்கூறு, எச்.ஐ.வி. உள்ளவர்களின் வயிற்றுக் கொழுப்புக்கு மட்டும். இங்கே மருந்துகளைப் பதிவு செய்வது சாப்ரா என்ற அரசு அமைப்பு. அவன் குப்பியில் பதிவு எண்ணே இல்லை, "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்றுதான் இருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று யார் உறுதி சொல்வார்?

அவனை அசைத்தது வேறொன்று. விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கும் உலக அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இபமோரெலின் பெயரோடு இருக்கிறது, போட்டி இல்லாத நாளிலும் தடை. காட்டினேன். குப்பிகளை அவனே மருந்துக்கடையில் அழிக்கக் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை பிசியோதெரபிஸ்டிடம் போகிறோம்.