25 பவுண்டு மேசைக்கு 50 லட்சம் பவுண்டு இன்சூரன்ஸா?

மண்ஜிமிக்கி (ரெடிங்)

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மெயிலுக்குப் பதில் போட்டாக வேண்டும், அதனால் அவசரமாகக் கேட்கிறேன்.

சொந்த ஊர் கும்பகோணம். இங்கே இங்கிலாந்தில் மூன்று வருடமாக வீட்டிலேயே டெரகோட்டா ஜிமிக்கியும் மாலையும் செய்து விற்கிறேன். போன வருடத்திலிருந்து சோயா மெழுகில் மல்லிகை, சந்தன வாசனை போட்ட மெழுகுவர்த்தியும் உண்டு. இதுவரை விற்றதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலும் கோயிலில் பார்க்கிறவர்களிடமும்தான். இந்த வருடம் பெரியவள் படிக்கும் பள்ளியில் கிறிஸ்துமஸ் சந்தை. மேசை வாடகை 25 பவுண்டு. கட்டிவிட்டேன், சிவப்பு மேசைத்துணிகூட வாங்கிவிட்டேன். நேற்று பெற்றோர் சங்கத்திலிருந்து மெயில்: 50 லட்சம் பவுண்டுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு (நம் கடையால் பிறருக்குக் காயமோ சேதமோ வந்தால் ஈடு கட்டுவது) எடுத்த சான்றிதழ் அனுப்பினால்தான் மேசை உறுதியாம்.

ஐம்பது லட்சம்! அன்று முழுக்க நின்றாலும் 200 பவுண்டு தேறுமா என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர், "நம்ம வீட்டு இன்சூரன்ஸ்லயே அதெல்லாம் இருக்கும், அதைத் தூக்கி அனுப்பு" என்கிறார். தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். 'பிறருக்கான பொறுப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே 'தொழில், வியாபாரம் நீங்கலாக' என்றும் இருக்கிறது.

இதற்கு நடுவில் அம்மா ஊரிலிருந்து வந்தபோது தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை பன்னிரண்டை சூட்கேஸில் துணி சுற்றிக் கொண்டுவந்தார். மேசையில் வைத்தால் வெள்ளைக்காரக் குழந்தைகள் விடாது என்பது அவர் கணக்கு. அதையும் சேர்த்து வைக்கலாமா? இந்தக் காப்பீடு சட்டப்படி கட்டாயமா, இல்லை பள்ளிக்காரர்கள் போட்ட விதியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டைக்கூடை (லெஸ்டர்)

சட்டமெல்லாம் கிடையாது. நான் ரெண்டு வருஷம் என் தோழியின் சான்றிதழையே அனுப்பிக் கடை போட்டேன். அவளும் நகைதான் விற்கிறாள். ஒருத்தரும் பெயரைப் பார்க்கவில்லை. ரொம்பப் பயப்படாதீங்க.

ஹாரோ அன்ரி

பிள்ளை, மேலே சொன்னதைக் கேட்காதே. என் கதையைக் கேள்.

நான் 19 வருசமாகத் துணிப்பையும் தலையணை உறையும் தைத்து விற்கிறேன். சின்னக் கடைதான். நாலு வருசத்துக்கு முதல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கோடை விழா. காலையில் நல்ல வெயில். கசீபோ கூடாரத்துக்கு நாலு காலுக்கும் மண்மூட்டை கட்ட வேணும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு இரண்டு மூட்டைதான் காருக்குள் இருந்தது. எதிர்ப்பக்கக் காலை மேசையோடு கயிற்றால் கட்டிவிட்டேன். மத்தியானம் ஒரு காற்று வந்தது. கூடாரம், மேசை, என்னுடைய பை எல்லாம் சேர்ந்து எழும்பிப் போய் வேலிக்கு அங்கால் நின்ற ஒரு காரில் விழுந்தது. கதவில் நீளக் கீறல், பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. நல்லகாலம், அந்த நேரம் அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒருவரும் நிற்கவில்லை. இப்பவும் இரவில் நினைத்தால் வயிறு கலங்கும்.

கார் திருத்த 1,140 பவுண்ஸ். காப்புறுதிக்காரர் முதல் 250ஐ என்னைக் கட்டச் சொல்லிப் போட்டு மிச்சத்தைக் கட்டினார்கள். என் பைகள் சேற்றில் விழுந்து பழுதானதற்கு ஒரு சதமும் தரவில்லை. அது வேறு வகை, சரக்குக்கான காப்புறுதியாம். நான் எடுக்கவில்லை.

இனி அந்தத் தோழியின் தாள். அதில் அவவின் பெயர்தான் இருக்கும். அன்றைக்கு நான் அப்படி ஒரு தாளைக் காட்டியிருந்தால் 1,140உம் என் தலையில்தான். அதோடு விழாக்காரரை ஏமாற்றின பெயரும்.

விலையைக் கேட்டு மலைக்காதே. போன வருசம் நான் முழு வருசத்துக்கும் கட்டினது 70 பவுண்ஸுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் நீ வருசம் முழுக்க விற்கிற ஆள், உனக்கு அது சரிவராது.

பழைய க்ளெய்ம்ஸ்காரன் (மில்டன் கீன்ஸ்)

அக்கா சொன்ன கடைசி வரியிலிருந்து பிடித்துக்கொள்கிறேன். 11 வருடம் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். இப்போது இல்லை, அதனால் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை.

பொதுப் பொறுப்புக் காப்பீடு இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம் இல்லை. இடம் கொடுப்பவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கட்டாயமானது வேறொன்று: யாரையாவது வேலைக்கு வைத்தால் எடுக்க வேண்டிய காப்பீடு. அது 1969ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் ஒன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். கணவர், மகள் மாதிரி நெருங்கிய உறவுகள் மட்டும் உதவினால், கம்பெனியாகப் பதிவு செய்யாதவரை பொதுவாக விலக்கு உண்டு. பக்கத்து வீட்டுத் தோழியைக் கல்லாவில் உட்கார வைக்கப் போகிறீர்கள் என்றால், அவர் காசே வாங்காவிட்டாலும் காப்பீட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

50 லட்சம் ஏன்? உடைந்த கார்க் கண்ணாடிக்காக இல்லை. உங்கள் மேசைத்துணி தரை வரை தொங்குகிறது, ஒரு குழந்தை அதைப் பிடித்து இழுக்கிறது, மேசை சாய்ந்து தலையில் அடி. ஆயுள் முழுக்க ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் இழப்பீடும் வக்கீல் செலவும் சேர்ந்து அந்தத் தொகையை எளிதில் தொடும். அப்படி நடப்பது அபூர்வம், அதனால்தான் இவ்வளவு குறைந்த பிரிமியத்தில் கொடுக்க முடிகிறது.

ஆனால் பள்ளி கேட்பது மேசையைப் பற்றி. எனக்குக் கவலை உங்கள் சரக்கைப் பற்றி. சந்தை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மெழுகுவர்த்தி வாங்கியவர் வீட்டுக்குப் போய், ஜனவரியில் ஒரு நாள், திரைச்சீலை ஓரம் ஏற்றி வைப்பார். அங்கே நடப்பதற்குத்தான் 'பொருள் பொறுப்பு' என்ற இன்னொரு பாதி. கைவினைக்காரர்களுக்கான பாலிசிகளில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சேர்ந்து வந்தாலும் மெழுகுவர்த்தி, பொம்மை, சோப்பு மூன்றையும் தனியாகக் கேட்பார்கள். 'நகை' என்று மட்டும் டிக் செய்துவிட்டு மெழுகுவர்த்தி விற்றால் அந்தப் பாதி உங்களுக்கு இல்லை. நான் பார்த்த நிராகரிப்புகளில் சோகமானவை இப்படிப்பட்டவைதான். யாரும் பொய் சொல்லவில்லை, போன வருடம் எழுதிய பட்டியலைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள்.

வீட்டு இன்சூரன்ஸ் பற்றி: நீங்கள் படித்தது சரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னது தப்பு. அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுப்பில் மெழுகு உருக்குவது தெரியாமல் இருந்து நாளைக்குச் சமையலறையில் தீப்பிடித்தால், அந்தப் பாலிசியிலும் தகராறு வரும்.

மண்ஜிமிக்கி

அன்ரி, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மேசைத்துணியை இப்போதே ஊசி குத்தி மடித்தாயிற்று.

தலையாட்டி பொம்மை பற்றி யாரும் சொல்லவில்லையே. அதை நான் செய்யவில்லை, வாங்கி விற்கப் போகிறேன். அப்படியானால் பொறுப்பு தஞ்சாவூரில் செய்தவருக்குத்தானே?

பழைய க்ளெய்ம்ஸ்காரன்

இல்லை. வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன், இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1987ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் காயம் பட்டவர் உங்கள் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை, அதனால் காயம், இந்த இரண்டும் போதும். யார் மேல் வழக்கு? செய்தவர் மேல். அல்லது தன் பெயரை அதில் ஒட்டி விற்றவர் மேல். அல்லது வியாபாரத்துக்காக அதை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தவர் மேல். உங்கள் அம்மாவின் சூட்கேஸ் மூன்றாவது வகை. தஞ்சாவூர்க்காரரை இங்கே கோர்ட்டுக்கு இழுப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் சட்டம் இறக்குமதி செய்தவரையே செய்தவர் இடத்தில் நிறுத்துகிறது.

அப்புறம், 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விளையாடும்படியான எதுவும் பொம்மை விதிகளுக்குள் வரும். சோதனை, ஆவணம், முத்திரை எல்லாம் வேண்டும். 'அலங்காரப் பொருள், விளையாட அல்ல' என்று சீட்டு ஒட்டினால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். தலையை ஆட்டி இடுப்பை ஆட்டும் பொம்மையை, பள்ளிச் சந்தையில், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டு அந்தச் சீட்டைக் காட்டினால் எடுபடாது. பெயின்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒன்று கேட்கிறேன்: ஜிமிக்கிக் கொக்கி எங்கே வாங்குகிறீர்கள்?

மண்ஜிமிக்கி

சென்னை சவுகார்பேட்டையில். மொத்தமாக, கிலோ கணக்கில். ஐயோ.

பழைய க்ளெய்ம்ஸ்காரன்

அதேதான். நிக்கல் சிலருக்கு ஒவ்வாமை தரும்; காதுத் துளை வழியாகப் போகும் உலோகத்திலிருந்து அது எவ்வளவு கசியலாம் என்று இங்கே வரம்பு இருக்கிறது. கொக்கியை மட்டும் இங்கே, நிக்கல் வரம்புக்குள் இருப்பதாக எழுத்தில் கொடுக்கிறவரிடம் வாங்குங்கள். மண் உங்களுடையது, கொக்கி அவருடையது, பில் உங்கள் ஃபைலில்.

நலங்குமாவு (கார்டிஃப்)

குறுக்கே வருகிறேன். நான் சோப்பு செய்கிறேன். சோப்புக்கு இங்கே தகுதியுள்ள ஒருவர் ஒவ்வொரு செய்முறையையும் பார்த்துப் பாதுகாப்பு அறிக்கை எழுதித் தர வேண்டும். பாட்டி சொன்ன கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு என்று எழுதிக் கொடுத்தேன், அவர் ஒவ்வொன்றுக்கும் தாவரப் பெயர் கேட்டார், எனக்குத் தலை சுற்றியது. அந்த அறிக்கை இருக்கிறதா என்றுதான் காப்பீட்டுக்காரர்களும் முதலில் கேட்டார்கள். மெழுகுவர்த்திக்கு அவ்வளவு பாடு இல்லை. வாசனை எண்ணெய் விற்கிறவரிடமே பாதுகாப்புத் தாள் கேட்டு வாங்கினால், லேபிளில் என்ன எச்சரிக்கை போட வேண்டும் என்று அதை வைத்து எழுதலாம். எரித்துப் பார்த்த நாள், திரி அளவு, எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு எண் கொடுத்து அடியில் ஒட்டுங்கள்.

டொராண்டோ சித்தி பெண்ணுக்கெல்லாம் அனுப்புகிறீர்களா? என் பாலிசியில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் விற்பது சேராது என்று சின்ன எழுத்தில் இருந்தது. நிறையப் பாலிசிகளில் அப்படித்தான்.

ஹாரோ அன்ரி

இன்னொன்று. கடையை மூடினாலும் காப்புறுதியை உடனே நிற்பாட்டாதே. என்ர சிநேகிதி ஒருத்தி மெழுகுதிரி விற்கிறதை விட்டிட்டு, அடுத்த வருசம் புதுப்பிக்கவில்லை. விற்றதெல்லாம் ஆட்களின் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. தம்பி, அது சரிதானே?

பழைய க்ளெய்ம்ஸ்காரன்

சரிதான் அக்கா. இங்கே பெரும்பாலான பாலிசிகள் காயம் எந்தத் தேதியில் நடந்தது என்றுதான் பார்க்கும், விற்ற தேதியை அல்ல. நான் சொன்ன 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருள் வெளியே போய்ப் பத்து வருடம் வரை வழக்குப் போடலாம். மெழுகுவர்த்திக்குப் பத்து வருடம் வேண்டாம், ஆனால் உடனே நிறுத்தவும் வேண்டாம்.

மண்ஜிமிக்கி

வியாழன் இரவு எழுதுகிறேன். வருடப் பாலிசி எடுத்துவிட்டேன். 83 பவுண்டு ஆயிற்று. மெழுகுவர்த்தியைச் சேர்த்ததில் விலை கொஞ்சம் ஏறியது. ஆன்லைனிலேயே முடிந்தது, சான்றிதழ் பத்து நிமிடத்தில் மெயிலில் வந்தது, பெற்றோர் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டேன். மேசை எண் 14, கதவுக்குப் பக்கத்தில். குளிர்தான் அடிக்கும்.

வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை வரவுக்கு வரி இல்லை என்ற சலுகையில்தான் நான் இருக்கிறேன். அதில் இருக்கும்வரை இந்த 83ஐச் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். இந்த முறை அவர் சொன்னது சரி, சரிபார்த்துவிட்டேன்.

பழைய கொக்கி போட்ட 40 ஜோடியைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். புதுக் கொக்கி திங்கட்கிழமை வரும். பொம்மைகள் திரும்பவும் சூட்கேஸுக்குள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "தலையாட்டிக்கு எதுக்குடி இன்சூரன்ஸ், எத்தனை தடவை தள்ளினாலும் அதுவே எழுந்து நின்னுக்குமே" என்கிறார்.

ஹாரோ அன்ரி

அம்மா சொன்னது நல்லாயிருக்கு. ஹாரோ பக்கம் வந்தால் எனக்கு ஒரு பொம்மை கொண்டுவா பிள்ளை. விலைக்கு வேண்டாம், சும்மா தா.