அப்பாவின் மாலைக் காபிக்கு உப்புக் குறைந்த தின்பண்டம் தேடுகிறேன்

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் என் தந்தைக்கு (வயது 68) மூன்று மாதங்களுக்கு முன் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டதிலிருந்து, காபியுடன் அவர் உண்ணும் உப்பு பிஸ்கட்டுக்கு மாற்றுக் கிடைக்காமல் திணறுகிறேன். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; நாங்கள் வழக்கமாக வாங்கிய பாக்கெட்டிலோ 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் என அச்சிடப்பட்டிருந்தது. பல தானிய பிஸ்கட் என்று நம்பி வாங்கியதன் பொருள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது மைதா. எடையில் மிகுந்த பொருளே அங்கு முதலில் வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எண்ணெயில் பொரிக்காத ராகிச் சீவலை, அட்டையைத் தின்பதுபோல் இருக்கிறதென்று அவர் ஒதுக்கிவிட்டார். உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை பிடித்திருந்தும் பற்கள் இடம் கொடுக்கவில்லை. 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்குள் சோடியம் கொண்ட, மொறுமொறுப்பான, மெல்ல எளிதான தின்பண்டம் சென்னைக் கடைகளில் எது கிடைக்கிறது?