கோலி நாய்க்கு ஆட்டு ஊசி போடலாமா?

நாகலூர்க்காரன்:
எங்கள் சீசர் ரஃப் கோலி இனம். மூன்று வயது, எடை 25 கிலோ. மழை விட்டதிலிருந்து காப்பிச் செடிகளுக்குள் புகுந்து வருகிறான். காதிலிருந்து மட்டும் தினமும் பத்துப் பதினைந்து உண்ணி பிடுங்குகிறேன். மருந்துக் கடையில் ஆடு மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கொடுத்து, ஒரு மில்லி போட்டால் உண்ணி உதிர்ந்துவிடும் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து நாட்டு நாய்க்குப் போட்டு நன்றாகத்தான் இருக்கிறது. இன்று இரவே போட்டுவிடலாமா?

அஸ்தம்பட்டி டீச்சர்:
தம்பி, முதலில் அந்த மருந்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நாட்டு நாய்க்கு ஒத்துக்கொண்டது என்பதெல்லாம் கோலிக்குக் கணக்கே இல்லை. 2014இல் நாங்கள் ஏற்காட்டில் இருந்தபோது எங்கள் கோலி ராணிக்கு இதே ஊசியைப் போட்டார்கள். மறுநாள் காலை எச்சில் ஒழுகிக்கொண்டே நின்றது. பின்னங்கால்கள் குடிகாரனைப் போலப் பின்னின. மாலைக்குள் கண் தெரியவில்லை, சுவரில் முட்டியது. இருபது கொண்டை ஊசி வளைவும் என் மடியிலேயே படுத்துச் சேலம் வந்தது. முறிவு மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்து, இமைக்காத கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வாலை ஆட்டியது. பார்வையும் திரும்பியது. எல்லா வீட்டிலும் அப்படித் திரும்புவதில்லை.

இது பிறவிக் கோளாறு. மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளுகிற ஒரு புரதம் உண்டு. அதை உருவாக்கும் எம்.டி.ஆர்.1 மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டால் அந்தக் காவல் போய்விடும். 2001இல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கோலிகளில் பத்துக்கு ஏழு இந்தக் குறையைச் சுமக்கின்றன. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஷெல்ட்டி போன்ற மற்ற மேய்ச்சல் இனங்களிலும் உண்டு. இதே காரணத்தால் வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் லோப்பரமைடு மாத்திரையையும் தவறிக்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

மேட்டூர் ரோடு:
டீச்சரம்மா சொன்னதோடு ஒரு கணக்கு. கடையில் விற்கும் 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். 25 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 400 மைக்ரோகிராம். குறையுள்ள கோலிக்கு 100 தாண்டினாலே ஆபத்து. இதயப்புழு தடுப்பு மாத்திரையிலும் இதே ஐவர்மெக்டின் உண்டு, ஆனால் கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம்தான், ஆகவே அது கெடுதல் செய்யாது. உண்ணிக்கு ஃப்ளூராலானர் மாத்திரை இருக்கிறது, இந்த மரபணு உள்ள நாய்களுக்கும் கொடுக்கலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து அனுப்பினால் மரபணுப் பரிசோதனையும் செய்துவிடலாம். சீசரை இனப்பெருக்கத்துக்கு விடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே செய்யுங்கள். குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் குட்டிகளுக்குக் கடத்தக்கூடும்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
இன்னொன்று. பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருக்கிறதா? மருந்து கொடுத்த ஆட்டின் புழுக்கையில் அது வெளியேறும். கோலிக்கு மேய்க்கிற புத்தி, பட்டிப் பக்கம் போகாமல் இருக்காது. புழுக்கை தின்றே விழுந்த நாய்கள் உண்டு.

நாகலூர்க்காரன்:
டீச்சர், வயிறு கலங்கிவிட்டது. புழுக்கை தின்பதுதான் அவன் முழுநேர வேலை! மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்; கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆட்டுக்காரர் மாரியண்ணன் மட்டும் மருந்து கொடுக்கும் அன்றைக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சீசரை இப்போது கட்டிப் போட்டிருக்கிறேன், ஊளையிடுகிறான்.