சோற்றைக் குறைத்தவர்கள் வாருங்கள்: பசி, தெம்பு, எடை மூன்றிலும் உங்களுக்கு என்ன நடந்தது?

சேலம், வங்கி வேலை

பேலியோ, கீட்டோ, லோ கார்ப், பெயர் எதுவாக இருந்தாலும் சரி, சோறு, இட்லி, சர்க்கரை என்று மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவதுதான் எல்லாமே, அதை அடியோடு குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவது கீட்டோ. நான் எடைக்காகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் இன்றுவரை மனதில் ஓடிக்கொண்டே இருப்பது எடை இல்லை, பசி. காலையில் நாலு இட்லி, சட்னி, சர்க்கரை போட்ட காபி என்று முடித்துவிட்டு கவுண்டரில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்குக் கை லேசாக நடுங்கும், எதிரில் நிற்பவர் சொல்வது காதில் ஏறாது, டிராயரில் இருக்கும் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டால்தான் நிதானம் வரும். வருஷக்கணக்காக இப்படித்தான், என் உடம்பு வாகு இது என்றே நினைத்திருந்தேன். அப்புறம் இட்லிக்குப் பதிலாக மூன்று முட்டை, ஒரு கிண்ணம் கீரைப் பொரியல், கொஞ்சம் தேங்காய் என்று மாற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மாதக் கடைசி, கூட்டம் தாங்கவில்லை, அம்மா போனில் "சாப்ட்டியாடி" என்கிறார், "இதோ" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தால் மணி மூன்றாகப் போகிறது. டப்பாவைத் திறக்கவே இல்லை. பசியே இல்லை என்று சொல்லமாட்டேன். பசி இருந்தது, ஆனால் அது என்னைப் பிடித்து உலுக்கவில்லை.

என் கேள்வி இதுதான். இது மாவுச்சத்து குறைந்ததால் நடந்ததா, முட்டையால் புரதம் கூடியதால் நடந்ததா? என் தோழி இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை சேர்த்துச் சாப்பிட்டே இதே பலன் கிடைத்ததாகச் சொல்கிறாள்.

மதுரை, பெயிண்டிங் வேலை

மேடம் சொல்வது உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குச் சரியாக இருக்கலாம். மச்சான் பேச்சைக் கேட்டு நானும் சோறு, டிபன் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். அந்த வாரமே மூன்றாவது மாடி வெளிச்சுவர், சித்திரை வெயில், சாரத்தில் நின்று பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிளேடு கையில் இருக்கிறது, கையைத் தூக்க வரவில்லை. மயக்கம் இல்லை, கண்ணும் இருட்டவில்லை, தோளில் யாரோ சிமெண்ட் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. காலை மாற்றி வைக்கலாம் என்று பார்த்தால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. சவுக்குக் கம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றேன், கீழே பார்க்கவே இல்லை. இரண்டு பேர் மேலே ஏறி வந்து இறக்கினார்கள். சித்தாள் அக்கா தூக்குவாளியில் வைத்திருந்த நீராகாரத்தில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். வெயிலில் உடம்பால் உழைக்கிறவனுக்குச் சோறு வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

கோவை, லேத் பட்டறை

மதுரை அண்ணே, உங்களைத் தெளிய வைத்தது நீராகாரத்தில் இருந்த சோறாக இருக்காது, அந்த ஒரு கை உப்பாகத்தான் இருக்கும். இதை யாரும் சொல்லாமல் விட்டதால்தான் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே ஓடிப்போகிறார்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். தலைவலி, கால் பிடிப்பு, எழுந்தால் கிறுகிறுப்பு எல்லாம் இதனால் வருவதுதான். வெயிலில் வேர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, ஈரலிலும் தசையிலும் உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் அது காலியாகும், தண்ணீரும் போகும். முதல் வாரம் இரண்டு கிலோ போச்சு என்று போட்டோ போடுகிறவர்களே, அதில் பெரும்பங்கு தண்ணீர். தசையில் இருப்பு காலியாகி, கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதற்கு உடம்புக்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மூன்றாவது மாடியில் ஏறாதீர்கள். எலுமிச்சைச் சாறில் உப்புப் போட்டுச் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். ஆட்டுக்கால் சூப் வையுங்கள். பேலியோவில் காலை டிபனுக்குப் பதிலாகச் சாப்பிடச் சொல்கிற நூறு பாதாம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நூறு பாதாம் என்றால் சுமார் 120 கிராம், ஏறத்தாழ 700 கலோரி. அது ஒரு முழுச் சாப்பாடு. அதற்கு மேல் டிபனும் சாப்பிட்டுவிட்டு எடை குறையவில்லை என்று கேட்டால் எப்படிக் குறையும்? சிறுதானியத்துக்கு மாறிவிட்டேன் என்பவர்களும் கேளுங்கள், 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்றால் கேழ்வரகிலும் 70-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் அதிகம், அது நல்லதுதான், ஆனால் களி கிண்டிச் சாப்பிட்டுவிட்டு லோ கார்ப் என்று சொல்லாதீர்கள்.

என் கதை சின்னது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் பட்டறை எதிரே பேக்கரியில் டீ, தேங்காய் பன், ஒரு பப்ஸ். கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். இந்த முறைக்கு மாறிய பிறகு ஒருநாள் நண்பனுக்காக அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பன்னை எடுத்துக் கையில் கொடுக்கிறேன், வெண்ணெய் வாசனை வருகிறது, எனக்கு வேண்டும் என்றே தோன்றவில்லை. அதை எந்த மருந்தும் எனக்குத் தரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், பயப்படாமல் ஆரம்பியுங்கள்.

திருநெல்வேலி, அப்பாவைக் கவனித்துக்கொள்பவள்

"யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் அண்ணா. இப்படி ஒரு வரியைப் படித்துத்தான் என் அப்பா யாரிடமும் சொல்லாமல் ஆரம்பித்தார். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறவர். இரவு இரண்டு சப்பாத்தியை நிறுத்திவிட்டு முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார். விடியற்காலை அம்மா கத்துகிறார், ஓடிப்போய்ப் பார்த்தால் பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும்போல நனைந்திருக்கிறது, என்னைப் பார்த்து என் அத்தை பெயரைச் சொல்லி "எப்ப வந்தே" என்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் மெஷினில் சர்க்கரை வெறும் 48. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த வகை மாத்திரை, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அரிது. இதைவிடத் தெரிந்துகொள்ள வேண்டியது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகை. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை அது. அதோடு மாவுச்சத்தையும் அடியோடு குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம், மெஷினில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ஏறலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மாத்திரைகளால் வரும் அமில ஏற்றம் பற்றி 2015-லேயே எச்சரித்திருக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் "கீட்டோ செய்தால் இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் படுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் இந்த உணவுமுறைக்கு எதிரி இல்லை. டாக்டரிடம் பேசி, மாத்திரையை முதலில் பாதியாக்கி, அப்புறம் மெதுவாகச் சோற்றைக் குறைத்ததில் அப்பாவின் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 9-க்கு மேலே இருந்தது 7-ஐ ஒட்டி வந்துவிட்டது.

சென்னை, கணக்கு வாத்தியார்

சேலம் மேடம் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொழுப்பு குறைவு, மற்றொன்றுக்கு மாவுச்சத்து குறைவு என்று ஒரு வருடம் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். அந்த வித்தியாசம் கணக்கில் சேராத அளவு. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளேயும் பார்த்தால் சிலருக்கு இருபது கிலோவுக்கு மேல் இறங்கியது, சிலருக்கு எடை ஏறவே செய்தது. இரண்டு குழுவிடமும் சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், அதை மறக்கக்கூடாது.

லேத் நண்பர் பன்னைப் பார்த்தும் ஆசை வரவில்லை என்கிறார், நம்புகிறேன். ஆனால் பசி அடங்க மாவுச்சத்துதான் குறைய வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்க வைத்து, இரண்டு வாரம் கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்து மாவுச்சத்து கூடிய சைவம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். 2021-ல் முடிவு வந்தது. சைவ உணவில் இருந்தபோது அவர்கள் தினமும் கிட்டத்தட்ட 690 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள், பசி கூடியதாகவும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தை வைத்து ஆயுளுக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். சேலம் மேடத்துக்கு வேலை செய்தது முட்டையும் கீரையும் பிஸ்கட் நின்றதும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். தோழி சொல்வதும் பொய்யில்லை.

எங்கள் வீட்டில் அரிசியை இரண்டு ஆழாக்கிலிருந்து ஒன்றாக்கி, அந்த இடத்தில் சுண்டலும் கூட்டும் வைத்தோம், அவ்வளவுதான். எனக்கும் மனைவிக்கும் மெதுவாக இறங்குகிறது. என் தம்பிதான் கடுமையாகச் செய்தான், நன்றாகவும் இறங்கினான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து தராசில் ஏறினான், இரண்டரை கிலோ கூடுதல். இறங்கவே இல்லை, தராசின் மேலேயே நின்றபடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் போச்சுண்ணா" என்றான். நான்கு நாளில் இரண்டரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் செலவழித்தது போக ஏறத்தாழ 19 ஆயிரம் கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், அது தண்ணீர்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அன்றோடு விட்டுவிட்டான். போகும்போது தண்ணீர் என்று சொல்கிற லேத் நண்பர் போன்றவர்கள், திரும்ப வரும்போதும் தண்ணீர்தான் என்பதையும் அதே சத்தத்தில் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கம், சுத்த சைவம்

ஆய்வு எல்லாம் இருக்கட்டும் சார், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மத்தியானத் தூக்கம் போனதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். முன்பெல்லாம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று முறை பிசைந்து சாப்பிட்டு எழுந்தால் கண் சொக்கும், குழந்தைகள் பள்ளியிலிருந்து வரும்வரை உடம்பில் ஒரு வேலைக்கும் சக்தி இருக்காது. பனீர், முட்டைகோஸ், தயிர், வேர்க்கடலை என்று மாறிய பிறகு அந்த நேரத்தில் தைக்க உட்கார முடிகிறது. ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் மாமியார் தொன்னையில் புளியோதரையும் தேங்காய் சாதமும் வைத்துக் கொடுத்தார்கள், மறுக்க மனசில்லை, வயிறாரச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து மெஷினில் துணியை வைத்தது தெரியும், நிமிர்ந்தால் ஊசிக்கு அடியிலேயே தலை சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எவ்வளவு வித்தியாசம் என்று புரிந்தது.

ஆனால் சைவத்துக்குச் செலவு அதிகம், மலச்சிக்கல் நிஜம், முடியும் கொட்டியது. வேகமாக எடை குறைந்தால் சில மாதம் கழித்து முடி கொட்டும், திரும்ப முளைக்கும் என்று தோல் டாக்டர் சொன்னார், அதுபோலவே முளைத்தது.

மதுரை, பெயிண்டிங் வேலை

கோவைத் தம்பி, உப்பு விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் ஆட்டுக்கால் சூப், பாதாம் எல்லாம் தினக்கூலியில் ஆகாது. நான் இப்போது செய்வது இது. காலையில் பழைய சோறு பாதி அளவு, அவித்த முட்டை இரண்டு, சின்ன வெங்காயம். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மத்தி மீன் குழம்பு, காய் கூடுதல். டீக்குச் சர்க்கரை இல்லை, ராத்திரி பரோட்டா இல்லை. வேலையில் தளர்ச்சி இல்லை, பேண்ட் லூஸாகிறது. ஐப்பசி மழையில் வெளிச்சுவர் வேலை இருக்காது, அப்போது உப்பைச் சேர்த்துக்கொண்டு முழுசாகச் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். திருநெல்வேலி தங்கச்சி, எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். இதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டுமா?

திருநெல்வேலி, அப்பாவைக் கவனித்துக்கொள்பவள்

கட்டாயம் கேளுங்கள் அண்ணே, ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். எடை குறைந்து தண்ணீரும் வெளியேறும்போது பிரஷர் தானாகவே இறங்கும், அப்போது அதே மாத்திரை அளவு கூடுதலாகிவிடும், சாரத்தில் நிற்கிற உங்களுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். உப்பை எவ்வளவு கூட்டலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். இன்னொன்று, சோடியம் குறைத்தது என்று கடையில் விற்கிற உப்பை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆகாது. போகும்போது சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், அரசு மருத்துவமனையிலேயே எடுப்பார்கள்.