காரிமங்கலம் பக்கம் ஏ.ஏ. கூட்டம்: எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது?

காரிமங்கலத்துக்காரி:
வணக்கம். என் வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. தினமும் குடி. காலையில் நடுங்கும் கை ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது. இப்போது அவரே ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகிறேன் என்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கூட்டம் நடக்கிற இடத்தை எப்படித் தேடுவது? நானும் கூடப் போகலாமா? பணம் கட்ட வேண்டுமா? ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

மனநலப் பிரிவுப் பணியாளர்:
தங்கச்சி, கூட்டத்தைத் தேடும்முன் அந்தக் கை நடுக்கத்தைப் பாருங்கள். குடித்தால்தான் நிற்கிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. "இன்றோடு நிறுத்து" என்று வீட்டிலேயே வைத்துத் திடீரென நிறுத்த வேண்டாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்கும் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, காய்ச்சல், வியர்வை என்று போனால் அது டெலிரியம் ட்ரெமன்ஸ், குடியை நிறுத்தியதும் வரும் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காரிமங்கலத்துக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் எட்டும் தூரம்தான். எதில் வசதியோ அங்கே காலையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவுக்குப் போங்கள். தினம் எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்போ மஞ்சள் காமாலையோ வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துவிடும், நடுக்கம் அடங்காது. நடுக்கத்துக்கான மாத்திரையைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதைச் சாப்பிடும்போது குடித்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு.

இன்னொன்று, பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது இங்கே பெரிய வழக்கம். வைட்டமின் பி1 வற்றிப்போன உடம்பில் அது மூளையைப் பாதிக்கலாம். முதலில் தயமின் (அந்த பி1தான்) போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஓசூர் ரோடு:
கூட்டம் தேடும் வழியை நான் சொல்கிறேன். ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். தருமபுரி என்று மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம், பெங்களூரு எல்லாம் பாருங்கள். பெங்களூருவில் நிறையக் குழுக்கள் உண்டு, ஓசூரில் வேலை செய்பவருக்கு அது தூரமில்லை. போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் 14446. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

முகவரி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். கூட்டம் நடப்பது பெரும்பாலும் பள்ளியிலோ தேவாலயத்திலோ இரவல் வாங்கிய அறையில். பரீட்சை, திருவிழா என்றால் பூட்டிக் கிடக்கும். பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர் மறுபடி வருவது அபூர்வம். அதனால் அன்று காலை போன் செய்து, இந்த வாரம் உண்டா, எத்தனை மணிக்கு, தமிழிலா, திறந்த கூட்டமா என்று கேளுங்கள். போன் எடுப்பவர் அலுவலகக் கிளார்க் இல்லை, அவரும் குடியிலிருந்து மீண்டு வருகிற ஒருவர், வேலையில் இருக்கலாம். எடுக்காவிட்டால் ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மாலையில் கூப்பிடுங்கள். பேசுவது உங்கள் வீட்டுக்காரராக இருப்பது நல்லது.

திறந்த கூட்டத்துக்கு நீங்களும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனியாக இருக்கிறது. அவர் வராத நாளிலும் நீங்கள் போகலாம்.

கட்டணம் கிடையாது. கடைசியில் பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. பெயர்ப் பதிவேடு கிடையாது, முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். தெரிந்த முகம் இருக்குமோ என்று பயமென்றால் அடுத்த ஊர்க் கூட்டத்தில் ஆரம்பிக்கட்டும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடக்கும். முறை வரும்போது "கேட்க வந்திருக்கிறேன்" என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கடவுள் பேச்சு வரும், ஆனால் இது எந்த மதத்தின் அமைப்பும் இல்லை. தேவாலய அறை என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று வாசலோடு திரும்பியவர்கள் உண்டு, முன்பே சொல்லிவையுங்கள்.

ஷிப்ட் மாறினால் வாரக் கூட்டம் தவறும். இரண்டு மூன்று கூட்டங்களைக் கையில் வைத்திருக்கட்டும்: வீட்டுப் பக்கம் ஒன்று, ஓசூர்ப் பக்கம் ஒன்று, போனிலேயே ஜூம் கூட்டம் ஒன்று.

காரிமங்கலத்துக்காரி:
மிகவும் நன்றி. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருப்பதாக மாமியார் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

மருந்தாளுநர், ஊத்தங்கரை:
கண்டிப்பாக வேண்டாம் அம்மா. டைசல்ஃபிரம் மாத்திரையைத்தான் பல இடங்களில் இப்படிக் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயமோ கல்லீரலோ பலவீனமானவர் செத்தே போகலாம். தெரியாமல் சாப்பிட்டவர் எதனால் இப்படி என்றே புரியாமல் விழுவார், மருத்துவரிடமும் சொல்ல மாட்டார். மருத்துவர் தருவதென்றால் அவர் சம்மதத்தோடு, பரிசோதனை செய்து, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிப்பார்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கும் ஆகாது. மாமியாரையும் அந்த ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள், மருத்துவர் வாயால் கேட்கட்டும்.