பெலிக்ஸ் ரொட்ரீகெஸ் தெ லா ஃபுவெந்தே: கழுகு ஆட்டுக்குட்டியைத் தூக்கும் காட்சி நிஜமா?

ஒடுகத்தூர் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் வனவிலங்கு வாரத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெயின் நாட்டு ஒலிபரப்பாளர் பெலிக்ஸ் பற்றி 20 நிமிடம் பேசணும். அவர் கால்நடை டாக்டர்னு ஒரு குறிப்பில் இருக்கு, சரியா? பாறை விளிம்பில் நிற்கிற மலையாட்டுக் குட்டியைக் கழுகு அடிச்சுத் தூக்குற காட்சியைப் போட்டுக் காட்டலாம்னு இருக்கேன். "இது நிஜமா மிஸ்?"னு கட்டாயம் கேட்பாங்க. என்ன சொல்றது? ஜவ்வாது மலை அடிவாரத்துப் பிள்ளைகள், பறவை நல்லாத் தெரியும். மழுப்பினா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

பாலாற்றங்கரை:
கால்நடை டாக்டர் இல்லைங்க டீச்சர், பல் டாக்டர். 14.3.1928 அன்று பூர்கோஸ் மாகாணத்தில் போதா தெ லா சால் என்ற ஊரில் பிறந்தார். உப்பு காய்ச்சிப் பிழைத்த ஊர், பேரிலேயே உப்பு இருக்கு. வல்லாதோலித்தில் மருத்துவம் படித்து, மாட்ரிட்டில் பல் மருத்துவத்தில் தேறினார். கொஞ்ச காலம்தான் அந்தத் தொழில். 1960இல் அப்பா இறந்த பிறகு அதை விட்டுட்டு முழுநேரமும் பைரி என்ற வேட்டைப் பறவையை வளர்ப்பதில் இறங்கினார். பைரியை வைத்து வேட்டையாடும் கலை பற்றி 1964இல் புத்தகம் எழுதினார். அதே வருஷம் ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சி அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டது. பார்த்தவர்கள் விடவில்லை.

அங்கிருந்து வரிசையாகத் தொலைக்காட்சித் தொடர்கள்: 1968இல் 'ஃபௌனா', 1970 முதல் 1974 வரை 'நீலக் கோள்', 1974இல் 'மனிதனும் பூமியும்'. இந்தக் கடைசித் தொடரின் ஸ்பானியத் தலைப்பைச் சொல்லும்போது 'எல் ஓம்ப்ரே இ லா தியெர்ரா'ன்னு சொல்லுங்க. எழுத்தில் இருக்கும் 'ஹ' உச்சரிப்பில் வராது. வானொலியை விட்டுடாதீங்க. 1973 முதல் இறக்கும்வரை 'வாழ்வின் சாகசம்' நிகழ்ச்சியில் 350க்கு மேல் பேச்சுகள். அவர் குரலுக்கு இருந்த பிடிப்பு எங்கிருந்து வந்ததுன்னு அதைக் கேட்டால்தான் புரியும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று. 1960களின் கடைசியில் மாட்ரிட் அருகே தொர்ரெஹோன் விமானத்தளத்தில் ஓடுபாதைப் பறவைகளை விரட்ட அவர் பைரிகளைப் பறக்கவிட்டார். அந்தத் திட்டத்தின் பெயர் 'பாஹரி'. நம்ம 'பைரி'யும் அந்த 'பாஹரி'யும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். அரபியில் 'பஹ்ரீ' என்றால் கடலைச் சேர்ந்தது. ஒன்று மேற்கே ஸ்பெயினுக்குப் போச்சு, இன்னொன்று கிழக்கே நம்மிடம் வந்தது.

அமிர்தி நிழல்:
கழுகுக் காட்சிக்கு நான் பதில் சொல்றேன். கழுகு நிஜம், குட்டி நிஜம், அடித்ததும் நிஜம். ஆனால் கழுகு காட்டிலிருந்து தானாக வந்தது இல்லை. ஔரேலியோ பெரெஸ் போன்ற பயிற்சியாளர்கள் பழக்கிய பறவை. இடமும் நேரமும் முன்கூட்டியே திட்டமிட்டவை. பிள்ளைகளிடம் இதை இப்படியே சொல்லிடுங்க.

எப்படிப் பழக்குவாங்கன்னு அடுத்த கேள்வி வரும். எல்லாம் தராசில்தான். வயிறு நிறைந்த ஒரு பெண் பைரி 1000 கிராம் இருந்தால், பறக்கவிடும் எடை ஏறக்குறைய 880 முதல் 900. அதற்கு மேல் போனால் பசி இருக்காது, மரத்தில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டால் திரும்பாது. ரொம்பக் கீழே இறங்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தும், பலம் போயிடும், குளிர் ராத்திரி ஒன்றிலேயே செத்துப்போகலாம். அதனால் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்கணும். அதுவும், முந்தின நாள் தின்ற இறகையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கின பிறகுதான். கக்கும் முன் இரை கொடுத்தால் எடைக் கணக்கு தப்பும், பறவைக்கும் கெடுதல். காலில் தோல் வார், சின்ன மணி, தலைக்குத் தோல் குல்லா, கைக்குத் தடித்த கையுறை. முதலில் கயிறு கட்டி ஒரு முழம், அப்புறம் ஐம்பது மீட்டர், கடைசியில்தான் கயிறில்லாமல்.

இன்னொரு அபாயமும் உண்டு. குஞ்சிலிருந்தே மனிதன் கையில் வளர்ந்த கழுகு மனிதனைத் தன் இனமாக நினைக்கும். பருவம் வந்ததும் வளர்த்தவரையே போட்டியாக எண்ணிப் பாயும். நாலைந்து கிலோ பறவை முகத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்னு விவரிக்கத் தேவையில்லை.

காட்பாடி ஒலிப்பதிவு:
படச்சுருள் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்க, ஏன் திட்டமிட வேண்டியிருந்ததுன்னு தானாகவே விளங்கும். 'மனிதனும் பூமியும்' தொடரை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தாங்க, சாமான்கள் எல்லாம் கனம். 35 மி.மீ.யில் ஒரு அடிக்கு 16 படம். 400 அடிச் சுருளில் 6400 படம். விநாடிக்கு 25 ஓட்டினால் 4 நிமிடம் 16 விநாடியில் சுருள் காலி. கழுகு பாய்வதை மெதுவாகக் காட்ட விநாடிக்கு 100 ஓட்டினால் 64 விநாடிதான். காட்டுக் கழுகுக்காகக் கேமராவை ஓடவிட்டுக் காத்திருக்க முடியுமா? கேமரா தையல் மெஷின் மாதிரி இரையும் என்பதால், சத்தத்தைத் தனியாகத்தான் சேர்க்கணும். குவாதலஹாரா மாகாணத்தில் பெலெக்ரீனா பக்கத்து துல்சே ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் நிறையப் படமாக்கினார்கள். பாறைச்சுவர், கீழே ஆறு, நல்ல வெளிச்சம்.

ஒடுகத்தூர் டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. இரண்டு சந்தேகம். ஓநாய்களோடு அவர் பழகினது எப்படி? பிள்ளைகளை வைத்து இங்கே சின்னதாக எதாவது செய்யலாமா?

அமிர்தி நிழல்:
1965இல் அடித்துக் கொல்லப்பட இருந்த இரண்டு ஓநாய்க் குட்டிகளை மீட்டு வளர்த்தார். சிபிலா, ரெமோ என்று பெயர். குட்டி கண் திறப்பது 10 முதல் 15 நாளில். மூன்று வாரத்துக்குள் மனித வாசனைக்குப் பழகணும், பிந்தினால் பயம் ஊறிப்போகும், பிறகு எவ்வளவு பால் ஊட்டினாலும் மாறாது. அப்போது ஸ்பெயினில் ஓநாய் ஒழிக்கவேண்டிய பிராணி, கொன்றால் பரிசு. 1970 வேட்டைச் சட்டம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, விதிகளுக்கு உட்பட்ட வேட்டை விலங்காக்கியது. முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனாலும் பெரிய மாற்றம். அதில் இவர் குரலுக்குப் பங்கு உண்டு என்பதை அழுத்திச் சொல்லுங்க.

இங்கே பறவையைப் பிடிக்கவோ, கூட்டிலிருந்து குஞ்சு எடுக்கவோ கூடவே கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டுப் பக்கம் போவதும் வேண்டாம். பாலாற்று மணலில் ஆள்காட்டிப் பறவையின் முட்டை வெறும் தரையில் கிடக்கும். நம்ம வேலூர் வெயிலில் தாய் எழுந்து கொஞ்ச நேரம் தள்ளி நின்றாலே முட்டை வெந்துடும். காக்கா வேற மனிதன் போன வழியைப் பார்த்து வரும்.

பள்ளி மரத்தடியில் அகலமான மண்சட்டி வையுங்க. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றணும், இல்லாவிட்டால் கொசு. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து காலை 6 முதல் 8 வரை வருவதை எழுதச் சொல்லுங்க.

காட்பாடி ஒலிப்பதிவு:
அதையே வானொலிப் பேச்சாக்கலாம். ஃபோன் மைக் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் சுற்றுங்க, காற்று இரைச்சல் குறையும். பேசத் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல், அதாவது 20 நிமிடத்துக்கு 2000க்குள். முதல் நிமிடத்தில் பறவைச் சத்தம் மட்டும், பேச்சு வேண்டாம்.

பாலாற்றங்கரை:
டீச்சர், இன்னொன்று. கல்லைத் தூக்கிப் போட்டு நெருப்புக்கோழி முட்டை உடைக்கும் பறவையும் அவர் தொடரில் உண்டு. அங்கே 'அலிமோச்சே', இங்கே மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு வகை. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து பிரசாதம் சாப்பிட்ட அதே இனம். இப்போது வருவதில்லை. பிள்ளைகளின் பாட்டிகள் யாராவது நேரில் பார்த்திருப்பாங்க, கேட்டு எழுதி வரச் சொல்லுங்க.

முடிவைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 14.3.1980, அவருடைய 52ஆவது பிறந்தநாள். அலாஸ்காவில் நாய்ச்சறுக்கு ஓட்டப் பந்தயத்தைப் படமெடுக்கப் போனபோது ஷாக்டூலிக் அருகே சிறு விமானம் விழுந்தது. அவரும், படக்குழுவினர் இருவரும், விமானியும் இறந்தார்கள். கழுகுக் காட்சியை அதற்கு முன்னாடியே காட்டிடுங்க. கழுகு சிறகை மடக்கிக் கீழே சரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, அமிர்தி நிழல் சொன்ன எடைக் கணக்கைச் சொல்லுங்க, பிறகு ஓடவிடுங்க.