மறுமொழி: கலைச்சொல் – பன்னாட்டுப் பாட்டரங்கம்

அன்புள்ள ஐயா,

பல நாட்டுப் பாடகர்கள் போட்டியின்றி முறைவைத்துப் பாடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியது:

> ‘போட்டியில்லாப் பாடல் விழா’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

பொருள் விளங்குகிறது, ஆனால் பெயராக நிற்கவில்லை. இல்லாததைச் சொல்லியே ஒன்றுக்குப் பெயர் வைத்தால், அதில் இருப்பது என்ன என்பது தெரியாமலே போகும்.

‘விழா’ மட்டும் போதும் என்பார்க்கும் ஒரு தடை உண்டு. இத்தாலியின் சான்ரெமோ நகரில் 1951 முதல் ஒன்று ‘பாடல் விழா’ என்ற பெயரில்தான் நடக்கிறது, அது போட்டி. ஆசிய-பசிபிக் ஒலி-ஒளிபரப்பு ஒன்றியம் 2012 அக்டோபரில் சியோலில் இரண்டு ‘பாடல் விழா’ நடத்தியது. வானொலி விழாவில் நடுவர்கள் இருந்தார்கள், வென்றவர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சி விழாவில் நாட்டுக்கொரு பாட்டு. மதிப்பெண்ணும் இல்லை, வரிசையும் இல்லை. பெயர் ஒன்று, தன்மை வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டத்தானே நமக்குச் சொல் வேண்டும்?

அதற்கான வார்ப்பு நம்மிடமே இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு நடுவர் உண்டு, தீர்ப்பு உண்டு. கவியரங்கத்துக்குத் தலைவர்தான். அவர் ஒவ்வொரு கவிஞரையும் இரண்டு வரி சொல்லி அழைப்பார், கவிஞர் எழுந்து படிப்பார், அவை கைதட்டும், அடுத்தவர் வருவார். யார் முதலிடம் என்று எவரும் கேட்பதில்லை. சியோலில் நடந்ததும் இதுதான், கவிதைக்குப் பதில் பாட்டு. ஆகவே ‘பாட்டரங்கம்’. இது நான் புதிதாகக் கண்ட சொல் அன்று. மேடை வழக்கில் இருப்பதுதான். முன்னே ‘பன்னாட்டு’ சேர்த்தால் போதும். ‘தொலைக்காட்சி’ தேவைப்படும் இடத்தில் மட்டும் வரட்டும்.

அரங்கமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 2020-இல் கொரோனாவால் ஐரோப்பிய நாடுகளின் பாடல் போட்டியான யூரோவிஷன் நின்றது. மே 16 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரிலிருந்து அதற்கு ஈடாக ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. போட்டிக்குத் தேர்வாகியிருந்த 41 பாடல்களுக்கும் இடம் கொடுத்தார்கள், வாக்கெடுப்பு இல்லை. இறுதியில் கலைஞர்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்தே 1997-இல் வென்ற பிரிட்டன் பாடலை வரிவரியாகப் பகிர்ந்து பாடினார்கள். இதையும் நான் பாட்டரங்கம் என்றே சொல்வேன். வானொலிக் கவியரங்கத்தைக் கேட்டவர்களுக்கு எந்த மேடை தெரிந்தது? அங்கே அரங்கம் என்பது கட்டடம் அன்று, முறைவைத்துப் பாடும் கூட்டம்.

‘பாடலரங்கம்’ என்பதற்கும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செய்தி வாசிப்பவருக்கு எது எளிது என்று பார்த்து முடிவெடுப்போம்.